பழைய காருக்கு பாயிண்ட்டா, எலக்ட்ரானிக்கா? கிட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவர் சென்னையில் எந்த மெக்கானிக்கிடம் போய் "வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, ஓடும்போது மிஸ் அடிக்குது" என்று சொன்னாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "பாயிண்ட்டைத் தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் மாட்டிடலாம் சார், அப்புறம் தொல்லையே இருக்காது." (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டைத் திறந்து மூடிப் பொறியை உண்டாக்குகிற சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட்.) சொல்பவர் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை. பாயிண்ட்டை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பொறுமையாக செட் பண்ணுகிற கைகள் குறைந்துவருகின்றன. பாயிண்ட் கருகாமல் காக்கிற கண்டென்சர் இன்று கடையில் கிடைத்தாலும் அதன் தரத்தையும் நம்ப முடிவதில்லை. ஆனாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பதில் வந்துவிடுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

காரணம் எளிது. எலக்ட்ரானிக் கிட் போட்டால் வெளியே போவது பாயிண்ட்டும் கண்டென்சரும் மட்டும்தான். காயில் (பாட்டரியின் 12 வோல்ட்டைப் பொறிக்கான உயர் வோல்ட்டாக்குவது), ரோட்டர் (மூடிக்குள் சுழன்று பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடுவது), மூடி, பிளக் வயர், பிளக், எர்த், சாவி சுவிட்ச், டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன. கோளாறு இவற்றில் எங்காவது இருந்தால், சில ஆயிரம் ரூபாய் செலவான பிறகும் அது வண்டியோடுதான் வரும். எந்த வழியில் போவது என்ற கேள்விக்கு, எது கெட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பதில் சொல்ல முடியும்.

நான் பேசுவது 1489 சிசி இன்ஜின் உள்ள பழைய அம்பாசிடர், பிரிமியர் பத்மினி, நம்ம ஊர் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டிகளைப் பற்றி. இவற்றுக்கு நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டரிலேயே பாயிண்ட், கண்டென்சர் வகையறாவைப் புதிதாக மாற்றி ஒழுங்காக செட் பண்ணுவது ஒன்று. பாயிண்ட்டை வைத்துக்கொண்டே, காயிலின் கரண்டை மட்டும் ஒரு டிரான்சிஸ்டர் பெட்டியிடம் ஒப்படைப்பது இரண்டாவது. பாயிண்ட் இருந்த இடத்தில் சென்சார் மாட்யூலைப் பொருத்துவது மூன்றாவது. மெக்கானிக்குகள் 'எலக்ட்ரானிக்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். டிஸ்ட்ரிபியூட்டரையே முழுசாக மாற்றிவிடுவது நான்காவது.

முதலில் கோளாறு எங்கே?

பழைய வண்டியின் இக்னிஷன் கோளாறுகளில் படுத்துவது, சூடானதும் வந்து, ஆறியதும் மறைந்துவிடுகிற கோளாறு. மே மாத வெயிலில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்துபோய் கத்திப்பாரா பக்கம் வரும்போது வண்டி திணறி நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே எல்லாம் சரியாகவே இருக்கும். அப்போது மெக்கானிக் எதை மாற்றினாலும் அது குத்துமதிப்புதான்.

இந்தக் கோளாறுக்கு இரண்டு தரப்பிலும் காரணம் இருக்கலாம். காயிலோ கண்டென்சரோ சூட்டில் கைவிடலாம். இல்லையென்றால் பெட்ரோல் பைப்பிலோ பம்பிலோ பெட்ரோல் ஆவியாகி கார்புரேட்டருக்குப் போகாமல் நிற்கலாம். இன்ஜினோடு ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டிகளில் இது சகஜம். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய கார்களுக்கு இந்தத் தொல்லை கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. இரண்டுமே ஓட்டுபவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். பெட்ரோல் ஆவியாகி நிற்கிற வண்டிக்கு எலக்ட்ரானிக் கிட் மாட்டி என்ன பயன்?

அதனால் வண்டி நின்ற இடத்திலேயே, அது சூடாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் காயிலிலிருந்து வரும் தடித்த வயரைப் பிடுங்கி, நல்ல ரப்பர் உறை போட்ட பிளையரால் பிடித்து, அதன் முனையை இன்ஜினின் வெற்று உலோகத்திலிருந்து 6 மி.மீ. தூரத்தில் வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில், 'டப் டப்' என்று சத்தம் கேட்கும்படி பொறி தாண்டினால் காயில் பக்கம் சரியாக இருக்கிறது. பெட்ரோல் பக்கம் போங்கள். மஞ்சளாக, நூல் மாதிரி மெலிந்து வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ கோளாறு இக்னிஷனில்தான். இதைச் செய்யும்முன் பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலையில் கிட்டேயே போகக் கூடாது.

ஸ்பார்க் இல்லை என்று தெரிந்ததும் ஒரு துணியை நனைத்துக் காயிலின் மேல் சுற்றிச் சில நிமிடம் விட்டுப் பாருங்கள். டெர்மினல்களில் தண்ணீர் படக் கூடாது. ஸ்பார்க் திரும்பி வந்தால் காயில் மாற்ற வேண்டியதுதான். அதே ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின் மேல் போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆனால், பிரச்சினை பெட்ரோலில். ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு பழைய பனியன் துணியும் சொல்லிவிடுகிற விஷயம் இது.

காயிலிலிருந்து ஸ்பார்க் வரவில்லை என்றால் அடுத்து டெஸ்ட் லைட். 12 வோல்ட் பல்பு, இரண்டு வயர், இரண்டு கிளிப் போதும். ஒரு முனையை பாடியில் எர்த் பண்ணி, மறுமுனையை சாவி சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் டெர்மினலில் வைத்து சாவியைப் போடுங்கள். லூகாஸ் வயரிங்கில் இது வெள்ளை வயர். ஆனால் பல கைகள் பட்ட வண்டியில் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பல்பு எரியவில்லை என்றால் சுவிட்சோ வயரோதான் காரணம். பாட்டரி பாசிட்டிவிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு வயர் கொடுத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். (இப்படி ஸ்டார்ட் பண்ணிய வண்டியை சாவியால் ஆஃப் பண்ண முடியாது. அந்த வயரைத்தான் பிடுங்க வேண்டும்.)

இந்தப் பக்கம் சரியாக இருந்தால் பல்பைக் காயிலின் இன்னொரு டெர்மினலுக்கு, அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பக்கத்துக்கு மாற்றி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பல்பு விட்டுவிட்டு எரிந்தால் பாயிண்ட் திறந்து மூடுகிறது என்று அர்த்தம். அணையாமல் எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடியும் கரண்ட் எர்த்துக்குப் போகவில்லை. எரியவே இல்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அந்தப் பக்கம் எங்கோ எர்த் அடிக்கிறது. கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தாலும் இப்படித்தான் காட்டும். காயிலின் உள்சுற்று அறுந்திருக்கவும் வாய்ப்புண்டு. அதை மல்டிமீட்டர் சொல்லிவிடும். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை) இல்லாத சாதாரணக் காயிலின் முதன்மைச் சுற்று சுமார் 3 ஓம், பேலஸ்ட் வகை என்றால் சுமார் 1.5 ஓம் காட்ட வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே ஒரு சின்ன வயரை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை வெளி உடலோடு இணைக்கிற எர்த் வயர் அது. சின்னது, நெகிழ்வானது, பெரும்பாலும் துணிப் பின்னலோடு இருக்கும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதும் விடும்போதும் வேக்குவம் (இன்ஜினின் உறிஞ்சு விசை) இழுத்து அந்தத் தட்டு திரும்பும். வயரும் கூடவே மடங்கி நிமிரும். வருஷக்கணக்கில் இப்படி மடங்கினால் துணிக்குள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகும். வெளியே பார்க்க முழுசாகவே தெரியும். ஐடிலிங்கில் அருமையாக ஓடுகிற வண்டி, மிதித்ததும் ஒரு நொடி செத்து எழுந்தால் முதலில் இந்த வயரைச் சந்தேகப்படுங்கள். வேக்குவம் டியூபை வாயால் உறிஞ்சித் தட்டைத் திரும்ப வைத்துக்கொண்டே மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்தால் பிடிபட்டுவிடும். உறிஞ்சும்போது தட்டு அசையவே இல்லை என்றால் வேக்குவம் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதற்கு வைத்தியம் வேறு.

காயில் பக்கம் ஸ்பார்க் நன்றாக இருந்து பிளக்குக்கு மட்டும் வரவில்லை என்றால் மூடி, ரோட்டர், வயர் இந்த மூன்றில் ஒன்று. மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குப் பென்சிலால் கோடு போட்ட மாதிரி மெலிதாக ஒரு கறுப்புத் தடம் இருந்தால் அந்த மூடி முடிந்தது. ரோட்டருக்கும் ஒரு சோதனை உண்டு. ரோட்டரை அதன் இடத்திலேயே வைத்து, காயில் வயரின் முனையை அதன் பித்தளைக்கு 3 மி.மீ. மேலே பிடித்து செல்ஃப் அடித்தால் அங்கே பொறி தாண்டக் கூடாது. தாண்டினால் ரோட்டரின் உடல் வழியாகக் கரண்ட் தண்டுக்குக் கசிகிறது. புத்தம்புது ரோட்டரே இப்படிக் கசிந்ததைப் பார்த்திருக்கிறேன், அதனால் புதுசு என்பதற்காக இந்தச் சோதனையை விட வேண்டாம்.

சென்னைக்கு என்று இரண்டு தொல்லைகள் தனியாக உண்டு. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்கரையை ஒட்டி வண்டி நிற்கிற வீடுகளில் உப்புக் காற்று செம்பு டெர்மினல்களில் பச்சை பிடிக்க வைத்துவிடும். பாட்டரியில் 12.6 வோல்ட் இருந்தும் காயிலுக்கு 11 கூட வந்து சேராது. சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில், பாட்டரி பாசிட்டிவுக்கும் காயிலின் சுவிட்ச் பக்க டெர்மினலுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று நேராகத் தெரியும். பேலஸ்ட் இல்லாத வயரிங்கில் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் டெர்மினல்களையும் எர்த் பட்டையையும் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் பண்ணுங்கள். இன்னொன்று ஐப்பசி, கார்த்திகை மழை. வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் தேங்கிய தண்ணீரில் மெதுவாகப் போனாலும் ஃபேன் தண்ணீரை வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மேல் அடித்துவிடும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் உள்ளே துடைத்தாலே பாதி வண்டிகள் ஸ்டார்ட் ஆகிவிடும்.

முடிவைத் தீர்மானிப்பது தண்டின் ஆட்டம்

இதற்கு மேல் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. என் கணக்கில் பாயிண்ட்டா எலக்ட்ரானிக்கா என்ற கேள்விக்குப் பாதிப் பதிலை இதுதான் தருகிறது.

ரோட்டரைக் கழற்றிவிட்டு, தண்டின் தலையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். மேலும் கீழும் கொஞ்சம் அசைந்தால் பெரிய விஷயமில்லை. பக்கவாட்டில் 'டக் டக்' என்று உணர முடிந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. கண்ணால் பார்த்து உறுதி செய்ய, இன்ஜினைக் கையால் சுற்றி தண்டில் உள்ள கேமின் (பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கும் பகுதி) ஒரு மேட்டில் பாயிண்ட் முழுசாகத் திறந்து நிற்கும்படி வையுங்கள். லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு அந்த இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் சரியாக நுழைகிறதா என்று பார்த்துவிட்டு, தண்டைப் பாயிண்ட்டை நோக்கி ஒரு தரம், எதிர்ப்பக்கம் ஒரு தரம் தள்ளி மறுபடியும் அளந்து பாருங்கள். புஷ் தேய்ந்திருந்தால் அதே நிலையில், விரல் அழுத்தத்துக்கே இடைவெளி கண்ணெதிரே மாறும். நான்கு மேடுகளிலும் இப்படிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு வரும்.

இது ஏன் முக்கியம்? இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் (பொறி விழும் நேரம்) முன்னால் போகும். குறைந்தால் பின்னால் போகும். டிஸ்ட்ரிபியூட்டரில் 1 டிகிரி என்றால் கிராங்க் ஷாஃப்டில் 2 டிகிரி. தண்டு ஆடுகிற வண்டியில் நான்கு சிலிண்டருக்கும் நான்கு டைமிங். எவ்வளவு கவனமாக செட் பண்ணினாலும் அடுத்த சுற்றில் அது மாறிப்போகும். 3000 ஆர்.பி.எம்.-மில் பாயிண்ட் நிமிடத்துக்கு 6000 தடவை, அதாவது நொடிக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. அதில் எத்தனை பொறி தப்பான நேரத்தில் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆட்டம் இருந்தால் முதல் செலவு லேத் பட்டறையில்தான். அம்பத்தூர், கிண்டி பக்கம் இந்த வேலை தெரிந்த பட்டறைகள் இன்னும் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரைக் கொடுத்து, பழைய புஷ்ஷை எடுத்துவிட்டு வெண்கலப் புஷ் அடித்து, தண்டுக்குத் தக்கபடி ரீம் பண்ணித் தரச் சொல்லுங்கள். தண்டே தேய்ந்து படி விழுந்திருந்தால் புஷ் மட்டும் போதாது என்று நல்ல டர்னர் அவரே சொல்லிவிடுவார். பிரித்த கையோடு உள்ளே இருக்கும் அட்வான்ஸ் எடைகளையும் (வேகம் கூடும்போது டைமிங்கை முன்னால் தள்ளுபவை) ஸ்பிரிங்குகளையும் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஸ்பிரிங் இரண்டும் ஒரே மாதிரி இல்லையே என்று மாற்றப் போகாதீர்கள். பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் அவை வேறு வேறாகவே இருக்கும்.

பாயிண்ட்டிலேயே தொடர்வது

செலவு குறைந்த வழி. பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர் சேர்ந்தே சில நூறு ரூபாய்க்குள் பெரும்பாலும் அடங்கும். இதன் பெரிய பலம் வேறு. எது கெட்டாலும் கண்ணுக்குத் தெரிகிறது, கெட்டதை வழியிலேயே சரிபண்ண முடிகிறது. திண்டிவனம் தாண்டி ராத்திரியில் நின்றாலும், ஒரு செட் பாயிண்ட், ஒரு கண்டென்சர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், டார்ச் இருந்தால் வீடு வந்து சேரலாம். பாட்டரி இறங்கி செல்ஃப் சோம்பலாகச் சுற்றும்போதும் பாயிண்ட் ஏதோ ஒரு பொறியைக் கொடுத்துவிடும். அந்த நேரத்தில் சில மாட்யூல்கள் விழித்தே எழாது.

பலவீனமும் தெரிந்ததுதான். கேமில் உரசுகிற ஃபைபர் குதி தேயத் தேய இடைவெளி சுருங்குகிறது, டைமிங் பின்தங்குகிறது, வண்டி இழுவை குறைகிறது. இது மெல்ல நடப்பதால் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. கேமில் துளி கிரீஸ் வைத்தால் குதி நீடித்து உழைக்கும், ஆனால் துளிதான். அதிகமானால் தெறித்துப் பாயிண்ட் முனையில் ஒட்டிக் கரண்டை மறிக்கும். இடைவெளியைத் தொட்டால் டைமிங்கும் மாறிவிடும் என்பதால், பாயிண்ட் செட் பண்ணிய ஒவ்வொரு தடவையும் டைமிங்கும் பார்த்தாக வேண்டும். பாயிண்ட்டை மட்டும் மாற்றி "ஆச்சு சார்" என்று பானெட்டை மூடுகிறவரிடம் டைமிங் லைட் எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பழைய பாயிண்ட்டைத் தூக்கி எறியும் முன் அதன் இரண்டு முகங்களையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சீராக இருந்தால் எல்லாம் நலம். ஒன்றில் குழி, எதிரே இன்னொன்றில் சின்ன மேடு என்று இருந்தால் உலோகம் ஒன்றிலிருந்து மற்றதற்கு இடம் மாறியிருக்கிறது. கண்டென்சரின் அளவு பொருந்தவில்லை என்று பொருள். இந்த வண்டிகளுக்கு 0.2 மைக்ரோஃபாரட் அளவில் இருக்க வேண்டும். நீலம் பாரித்துக் கருகியிருந்தால் கண்டென்சர் செத்திருக்கக் கூடும். அந்த நிலையில் புதுப் பாயிண்ட் மட்டும் போட்டால் அதுவும் சீக்கிரமே கருகும். கண்டென்சர் விஷயத்தில் எனக்கு ஒரு கொள்கை உண்டு: நன்றாக வேலை செய்கிற பழைய கண்டென்சரை, புதுப் பாயிண்ட் வாங்கினோம் என்பதற்காகக் கழற்றுவதில்லை. புதியதை ஸ்பேராக டப்பாவில் வைத்துக்கொள்வதே நல்லது.

டிரான்சிஸ்டர் பெட்டி

இந்த வழியை இப்போது யாரும் அதிகம் பேசுவதில்லை. பாயிண்ட் சாதாரணமாகச் சுமப்பது சுமார் 4 ஆம்பியர். பெட்டி வைத்தால் அந்தக் கரண்டை டிரான்சிஸ்டர் சுமக்கும், பாயிண்ட் வெறும் சுவிட்ச்சாக மாறிவிடும். முனைகள் கருகுவது கிட்டத்தட்ட நின்றுபோகும். ஆனால் குதி தேய்வது நிற்காது, தண்டு ஆடினால் அந்த ஆட்டமும் அப்படியே இருக்கும். பெட்டி கெட்டால் இரண்டு வயரை மாற்றிப் பழையபடி பாயிண்ட்டில் ஓட்டலாம் என்பது நிம்மதியான விஷயம், அதற்குக் கண்டென்சரைக் கழற்றாமல் கைவசம் வைத்திருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே விரும்பாதவர்களுக்கு ஏற்றது. மற்றபடி, செய்வதென்றால் மூன்றாவது வழிக்கே போய்விடலாம் என்பது என் எண்ணம்.

மாட்யூல்

பாயிண்ட்டும் கண்டென்சரும் இருந்த தட்டில் ஒரு சென்சார், தண்டின் கேமில் ஒரு காந்த வளையம். உரசுகிற பாகம் எதுவும் இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை. ஒரு தடவை டைமிங் வைத்தால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பாதவரை அது அப்படியே நிற்கும். தினமும் ஆபீசுக்கு அம்பாசிடரில் போகிறவருக்கு, ஓ.எம்.ஆர். நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்கிறவருக்கு இது உண்மையான நிம்மதி. காலையில் ஸ்டார்ட் ஆவது ஒழுங்காகிறது, ஐடிலிங் சீராகிறது. மிஸ் அடிக்கிற வண்டி எரியாத பெட்ரோலைப் புகையோடு தள்ளுவதால் பொல்யூஷன் சோதனையில் ஹைட்ரோகார்பன் அளவு எகிறும். பதினைந்து வருஷம் தாண்டி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு மிஸ் இல்லாத இன்ஜின் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும்.

ஆனால் மாட்யூல் கேட்கிற நிபந்தனைகள் உண்டு. வண்டி நெகட்டிவ் எர்த்தா, அதாவது பாட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்ததா என்று முதலில் பாருங்கள். மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு, அதற்கு வேறு மாட்யூல். பாசிட்டிவ், நெகட்டிவ் வயர்களை மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலான மாட்யூல்கள் அந்த நொடியே போய்விடும். மாட்யூலுக்கு முழு 12 வோல்ட் போக வேண்டும், பேலஸ்ட் ரெசிஸ்டருக்குப் பின்னாலிருந்து எடுக்கக் கூடாது. காயிலின் ஓம் அளவு கிட்டோடு வரும் காகிதத்தில் சொன்ன அளவோடு பொருந்த வேண்டும். குறைந்த ஓம் காயில் அதிகக் கரண்டை இழுத்து மாட்யூலைச் சுட்டுவிடும். உள்ளே வெறும் செம்பு இழை உள்ள பிளக் வயர் இருந்தால் மின் இரைச்சலை அடக்கும் சப்ரெஷன் வகைக்கு மாற்றுங்கள், ஏனென்றால் அந்த மின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும். இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவிட்டுப் பாட்டுக் கேட்கிற பழக்கமும் கூடாது. காயிலும் மாட்யூலும் சூடாகிக்கொண்டே இருக்கும். பாயிண்ட் வண்டியிலும் இது தப்புதான், அங்கே போவது காயில் மட்டும்; இங்கே மாட்யூலும் சேர்ந்து போகலாம்.

மாட்யூல் போனால் வழியில் செய்ய ஒன்றுமே இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. அது தேய்ந்துபோய், முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிற்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும், நின்றுவிடும். அதனால் இந்த வழியில் போகிறவர்கள் கழற்றிய பாயிண்ட் தட்டை, பாயிண்ட்டும் கண்டென்சரும் இடைவெளி செட் பண்ணிய நிலையில் அப்படியே ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யத் தயாராக இருக்கிற தினசரி வண்டிக்காரருக்கு என் ஓட்டு மாட்யூலுக்குத்தான்.

தண்டின் ஆட்டத்தை மாட்யூல் மறைத்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. காந்த வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையில் தூரம் கொஞ்சம் மாறினாலும் பாயிண்ட் அளவுக்கு டைமிங் சிதறுவதில்லை. ஆனால் ஆட்டம் அதிகமானால் வளையம் சென்சாரில் உரசி இரண்டும் சேர்ந்து உடையும். புஷ் அடிக்காமல் மாட்யூல் போடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

முழு டிஸ்ட்ரிபியூட்டர்

உடல் விரிசல் விட்டிருந்தால், தண்டும் கேமும் தேய்ந்து லேத்தாலும் மீட்க முடியாது என்றால் இந்த வழிக்கு வந்துதான் ஆக வேண்டும். அம்பாசிடருக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. 1489 சிசி இன்ஜின் பிரிட்டிஷ் பி.எம்.சி. பி-சீரிஸ் வம்சம். அதே வம்சத்து இன்ஜின்கள் கொண்ட பழைய எம்.ஜி. கார்களை இங்கிலாந்தில் இன்றும் பேணுவதால் அதற்கான டிஸ்ட்ரிபியூட்டர்கள் இன்னமும் புதிதாகவே தயாராகின்றன. இறக்குமதிச் செலவு கடுமைதான். விலையை விட நான் கவலைப்படுவது அட்வான்ஸ் வளைவைப் பற்றி, அதாவது வேகம் கூடக்கூட டைமிங் எவ்வளவு முன்னால் போகிறது என்பதைப் பற்றி. ஸ்போர்ட்ஸ் காருக்கு என்று அமைத்த அட்வான்ஸ், பாரம் ஏற்றிப் போகிற அம்பாசிடருக்குப் பொருந்தாமல் நாக்கிங் கொடுக்கும். வாங்கும்போது எந்த இன்ஜினுக்கான வளைவு என்று கேட்டு, பொருத்திய பின் டைமிங் லைட்டில் ஐடிலிங்கிலும் 3000-லும் பார்க்க வேண்டும். பத்மினிக்குப் பெரும்பாலும் பழையதை மீட்டெடுப்பதுதான் வழி.

கார்புரேட்டர் மாருதி 800 வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் வேறு வரிசை. அது மூன்று சிலிண்டர் இன்ஜின், அம்பாசிடருக்கான மாட்யூலோ காந்த வளையமோ அதற்கு ஆகாது.

யாருக்கு எது

மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் வரை எடுத்துப்போய்த் திரும்புகிற வண்டி என்றால் புஷ் அடித்து, எர்த் வயர் மாற்றி, நல்ல காயிலும் மூடியும் போட்டு, பாயிண்ட்டிலேயே விடுங்கள். ஓடுவது குறைவு என்பதால் குதி தேய்வதும் குறைவு, எளிதில் சரிபண்ணலாம், வண்டியும் பிறந்தபடியே இருக்கும். வின்டேஜ் ஊர்வலங்களில் காட்டுகிற வண்டிக்கும் இதுதான். தினமும் ஓடுகிற வண்டிக்கு மாட்யூல், கூடவே டிக்கியில் பாயிண்ட் தட்டு. வீட்டில் பாயிண்ட் செட் பண்ணத் தெரிந்தவர் யாருமே இல்லை, மெக்கானிக்கும் தூரத்தில் இருக்கிறார் என்றாலும் மாட்யூல்தான். வெளியூர் நெடுந்தூரம் அடிக்கடி போகிறவர்கள் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். அவர்களில் கருவியைக் கையில் எடுக்கத் தயங்காதவர் பாயிண்ட்டோடு இருக்கலாம், மற்றவர்கள் மாட்யூலோடு ஒரு ஸ்பேர் மாட்யூலும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சாமான் வாங்குவதற்கு ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும்தான். பெட்டி பிரிக்காத புதுச் சாமானுக்கு ஜி.பி. ரோடு. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் உடல், தண்டு, எடைகள் மாதிரி இனி வராத பாகங்களுக்குப் புதுப்பேட்டை. அங்கே கையில் எடுத்ததும் தண்டை அசைத்துப் பாருங்கள், பேரம் அப்புறம். 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் பாடியிலேயே இருக்கிற ஊர் இது, அதனால் பழைய இருப்பில் நல்ல மூடியும் ரோட்டரும் இன்றும் கண்ணில் படும். பழைய இருப்புக் கண்டென்சரை மட்டும் தவிருங்கள். சும்மா அலமாரியில் இருந்தே கெட்டுப்போகிற சாமான் அது.

எந்த வழியில் போனாலும் வேலை முடிந்த அன்றே சாயந்திரம் குளிர்ந்த நேரத்தில் ஓட்டிப் பார்த்து வண்டியை எடுத்துவராதீர்கள். மறுநாள் மதியம் வெயிலில், ஏ.சி. இருந்தால் அதையும் போட்டு, நெரிசலில் அரை மணி நேரம் ஓட்டி, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு அதே 6 மி.மீ. ஸ்பார்க் சோதனையை இன்னொரு தரம் பாருங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். நான்கும் ஒரே மாதிரி பழுப்பாக இருந்தால் பில்லை முழுசாகக் கொடுக்கலாம். ஒன்று மட்டும் கறுப்பாக நனைந்திருந்தால் அந்தப் பிளக்கையும் வயரையும் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். கறுப்பு கூடவே நகர்ந்தால் பிளக் அல்லது வயர், நகராமல் அதே சிலிண்டரில் நின்றால் மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள்.